கேக் இல்லாத பிறந்தநாள்

பிப்ரவரி பதின்மூன்று, வியாழக்கிழமை, மாலை ஆறு பத்து. மண்காற்று அடித்து ஓய்ந்து, அதன் மேல் பெரிய பெரிய துளிகளாக மழை விழுந்துகொண்டிருந்தது. சவூதியின் ஜுபைலில் மழை தண்ணீராக விழாது, சேறாக விழும். என் வெள்ளைச் சட்டையில் பதினேழு பழுப்புப் பொட்டுகள் இருந்தன. வருஷத்தைச் சொல்லப்போவதில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கம்பெனிக் குடியிருப்பான கேம்ப்பில் அப்போது இருந்தவர்களில் சிலர் இன்றும் இந்தத் தொடரைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் நான் வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது. மாதத்தின் இரண்டாவது வியாழன், நான் வேலை பார்த்த ஸ்டோர்ஸில் சரக்கு எண்ணும் நாள். வால்வு, கேஸ்கட், போல்ட் எல்லாம் எண்ணி முடிய இரவு ஒன்பது ஆகிவிடும். அன்று காற்றில் கிடங்கின் கூரைத் தகடு ஒன்று பிய்த்துக்கொண்டு போனதால் ஐந்தரைக்கே பூட்டச் சொல்லிவிட்டார்கள்.

என் வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. மழையில் நின்றபடியே எண்ணினேன். முப்பத்தெட்டு ஜோடி. ஜன்னல்களில் திரை இழுத்து மூடியிருந்தது. வீட்டின் இரண்டு ஏசியும் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருந்தன. பிப்ரவரிக் குளிரில் எவன் ஏசி போடுவான்?

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கேம்ப் ஆபீஸில் வருகைப் பதிவு பார்க்கும் பாலசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். பளபளப்புத் தாள் சுற்றிய பெட்டி ஒன்றைச் சட்டைக்குள் பாதி ஒளித்தபடி வந்தவர், என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"அண்ணை, இண்டைக்கு எண்ணுற நாள் எல்லோ?"

"நிறுத்திட்டாங்க. இங்க என்ன நடக்குது?"

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிள்ளைக்குப் பிறந்தநாள்."

"எந்தப் பிள்ளைக்கு?"

"உங்கட பிள்ளைக்குத்தான்."

என் மகள் வித்யா பிறந்தது செப்டம்பரில்.

பதினொரு பேர், முப்பத்தொரு பேர்

இதற்கெல்லாம் மூலகாரணம் நான் காசு கொடுத்து வாங்கிய ஓர் அட்டைப் பெட்டி. டிசம்பரில் எதிர் வீட்டு ஆங்கிலேய இன்ஜினியர் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது, தட்டுமுட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றார். பதினான்கு வீடியோ கேசட்டுகள் இருந்த பெட்டியை இருபது ரியாலுக்குத் தந்தார். இவ்வளவு மலிவாக எதற்குத் தருகிறார் என்று அப்போதே தோன்றியது. போட்டுப் பார்த்ததில் ஐந்து ஓடவில்லை. நான்கில் கால்பந்து. மீதி ஐந்தில் ஒன்று, பழைய ஆங்கிலப் பாட்டுப் படம்.

எப்போதும் மழை தூறும் ஒரு துறைமுக ஊர். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பழைய படகுக் கொட்டகையில் சங்கம் நடத்துகிறார்கள். கொட்டகையை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், பணம் திரட்ட ஆட்டமும் பாட்டுமாக ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். குடையை விரித்துச் சுழற்றிக்கொண்டு ஒரு நடனம். கடைசியில் கூட்டம் முண்டியடிக்கிறது, காசு குவிகிறது, கொட்டகை தப்பிக்கிறது.

வித்யாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. வாய் திறந்தபடி பார்த்தாள். எனக்குப் படம் முழுக்கச் சந்தேகம். சங்கத்தில் உறுப்பினர்கள் பதினொரு பேர் என்று ஆரம்பத்திலேயே சொல்கிறார்கள். குடை நடனத்தில் எண்ணினால் முப்பத்தொரு பேர். மீதி இருபது பேர் எங்கிருந்து வந்தார்கள்? பின்னணியில் இருபது வயலினாவது கேட்கிறது. ஒரு வயலின்காரரைக்கூட நான் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கூலி யார் கொடுத்தது?

"டாடி, சும்மா பாருங்களேன், ப்ளீஸ்," என்றாள்.

"குடை மட்டும் முப்பத்தொண்ணு. அந்தக் காசுக்கே கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டிருக்கலாம்."

என் மனைவி கோமதி, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். அது எனக்கான பதில்.

எல்லாமே பிறந்தநாள்தான்

சவூதியில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே சினிமாக் கொட்டகை கிடையாது, மேடை கிடையாது, கூட்டம் கூடி விழா எடுப்பதும் கிடையாது. ஆனால் குழந்தைகளுக்குப் பிறந்தநாள் வந்தால் அக்கம்பக்கத்தார் வருவதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. அதனால் எங்கள் கேம்ப்பில் எல்லாமே பிறந்தநாள். பொங்கல் ஒரு பிறந்தநாள், தீபாவளி ஒரு பிறந்தநாள், மலையாளிகளின் ஓணம் ஒரு பிறந்தநாள். ஒரு வருஷம் நவராத்திரிக்குக் கொலு வைத்த வீட்டில் ஒன்பது நாளும் ஒரே குழந்தைக்குப் பிறந்தநாள் நடந்தது.

பணம் வசூலிப்பது அதைவிட ஆபத்து. எந்தக் காரணத்துக்காக ஆனாலும், நான்கு பேரிடம் கைநீட்டிக் காசு வாங்கினான் என்று தெரிந்தால், இகாமாவை, அதாவது குடியிருப்பு அனுமதியை, பிடுங்கி ஒரே வாரத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அந்த பயம் எல்லோருக்கும் இருந்தது.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு முன் யான்புவில் வேலை பார்த்தபோது, ஊரில் வெள்ளம், நிவாரணத்துக்கு அனுப்புகிறேன் என்று ரூம் ரூமாக வசூலித்தான் ஒருவன். நானும் இருநூறு ரியால் கொடுத்தேன். அடுத்த வாரம் லீவில் போனவன் திரும்பவே இல்லை. ஊருக்குக் கடிதம் போட்டு விசாரித்தேன். அந்த வருஷம் அவன் ஊரில் மழையே இல்லை.

வீட்டில் குறைந்தவை

ஜனவரி கடைசியிலிருந்தே வீட்டில் பொருள்கள் குறைந்துகொண்டு வந்தன. முதலில் டார்ச் லைட்டின் பேட்டரி நான்கு. அப்புறம் இரண்டு படுக்கை விரிப்புகள். பிறகு என் கறுப்புக் குடை. ஜுபைலில் குடையை எவன் திருடுவான்?

"ஏன் கோமதி, குடையைப் பார்த்தியா?"

"நாலு வருஷமா விரிக்காத குடைக்கு இப்ப என்ன அவசரம்?"

அவள் பதில் சொன்ன வேகமே சரியில்லை. வித்யா குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தாளம் போட்டாள். நான் வந்தால் தொலைபேசியில் கணக்குப் பாடம் பேசினாள். அவள் தானாகக் கணக்கைப் பற்றிப் பேசியதே கிடையாது. ஒரு நாள் பாலசிங்கம் எங்கள் அடுக்களையில் நின்று கோமதியிடம் ஏதோ கிசுகிசுத்துவிட்டு, என்னைக் கண்டதும் "சீனி இருக்கோ எண்டு கேக்க வந்தனான்" என்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி.

கேம்ப்பில் ஆண்களும் என்னைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. ஆள்குறைப்புப் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று முடிவுகட்டினேன். இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

அடுக்களையில் இருந்தவள்

மறுபடி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சோபாக்கள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. ஹாலின் குறுக்கே காணாமல் போன இரண்டு விரிப்புகளும் திரையாகத் தொங்கின. தரையில் ஆட்கள் குளிரில் நடுங்கியபடி நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கோமதி என் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துப் போனாள்.

அங்கே ராஜேஸ்வரி இருந்தாள். கேம்ப் பள்ளி பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா. முப்பத்தைந்து வயதிருக்கும், இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவள், எழுந்து நின்றாள்.

"என்ன விஷயம்?" என்றேன்.

"கபீல் எக்ஸிட் அடிச்சிட்டாருங்க ஐயா. வேற ஆள் வந்திருச்சாம். டிக்கட் மாஃபி, ஒம்பாடுன்னுட்டாரு. ஞாயித்துக்கெழமையோட எக்ஸிட் முடியுது. அதுக்கு மேல இருந்தா புடிச்சு அடைச்சிருவாங்கன்னு சொல்றாங்க. ஊர்ல ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க."

கபீல் என்றால் அவளை வேலைக்கு எடுத்த அரபி முதலாளி, எக்ஸிட் என்றால் நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் முத்திரை, மாஃபி என்றால் இல்லை.

"பாஸ்போர்ட்டைக் காட்டு."

"என்னங்க இது," என்றாள் கோமதி.

ராஜேஸ்வரி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். உண்மையான முத்திரைதான். ஞாயிறுதான் கடைசி.

கொழும்புக்கு டிக்கெட் ஆயிரத்து இருநூற்று நாற்பது ரியால். பஸ்ஸில் போகும் ஒன்பது பிள்ளைகளும் சேர்ந்து, படத்தில் வந்தமாதிரி நிகழ்ச்சி நடத்திப் பணம் சேர்ப்பது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். பெரிய ஹால் எங்கள் வீட்டில். நான் இல்லாத நாள் வியாழன். பிறந்தநாள் என்று சொல்லிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். வருகிறவர்கள் பரிசுக்குப் பதில் கவரில் பணம் கொண்டுவர வேண்டும். வீடு வீடாகப் போய் இதைக் காதில் போடும் பொறுப்பு பாலசிங்கத்துடையது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

கோமதி கேசரிச் சட்டியைக் கிளற ஆரம்பித்தாள். பதில், முகத்தில் ரோஸ் பவுடர் அப்பிக்கொண்டு, என் குடையோடு கதவருகே நின்ற வித்யாவிடமிருந்து வந்தது.

"நீங்கதான் ஆபீஸோட ஸ்பைன்னு எல்லா அங்கிளும் நினைக்கிறாங்க டாடி. எந்த ஃபங்ஷன் போனாலும் தலை எண்ணுறீங்கள்ல, அதனால."

பத்து வருஷம் அந்த நாட்டில் யாரைப் பார்த்தாலும் இவன் ஒற்றனோ என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கைக்குட்டை ஆட்டம்

அடுக்களை வாசலில் நின்றே பார்த்தேன். டேப் ரெக்கார்டரில் சத்தம் மூன்றாம் எண்ணுக்கு மேல் போகக் கூடாது என்று கட்டளை. வெளியே கேட்காமலிருக்கத்தான் இரண்டு ஏசியும். கைதட்டல் கிடையாது. பிடித்திருந்தால் கைக்குட்டையை ஆட்ட வேண்டும் என்று பாலசிங்கம் முதலிலேயே அறிவித்திருந்தார்.

ஒன்பது பிள்ளைகள், ஐந்து குடைகள். அதில் ஒன்று மீன் மார்க்கெட்டில் வெயிலுக்கு நட்டுவைக்கும் ராட்சதக் குடை. அதை விரித்ததும் முன்வரிசையில் இருந்த மூவர் பின்னால் சாய்ந்தார்கள். வித்யா சுழன்றபோது என் குடையின் கம்பி ஒன்று துணியை விட்டு வெளியே வந்தது. பார்த்துக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் அரையிருட்டில் அத்தனை வெள்ளைக் கைக்குட்டைகள் சத்தமே இல்லாமல் ஆடின. ராஜேஸ்வரி என் பக்கத்தில் நின்று முந்தானையை ஆட்டினாள்.

இரண்டாவது பாட்டின் நடுவில் கதவு தட்டப்பட்டது.

கேம்ப் காவலர் கான் பாய். பெஷாவர்க்காரர், ஆறடி. மழைக்கோட்டில் தண்ணீர் சொட்ட நின்றார். வீட்டுக்காரன் நான், ஆகவே நான்தான் போக வேண்டியிருந்தது.

"க்யா ஹை சாப்? இத்னா ஜூத்தா?" இவ்வளவு செருப்பு எதற்கு என்று கேட்டார். அவரும் எண்ணியிருப்பார்.

"பேட்டி கா பர்த்டே," மகளின் பிறந்தநாள் என்றேன்.

அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். சோபாவின் மேல் பளபளப்புத் தாள் சுற்றிய பெட்டிகள் குவிந்திருந்தன. ரிப்பன் கட்டிய, நிஜமான பிறந்தநாள் பெட்டிகள். அவர் முகம் தளர்ந்தது. பிறகு மறுபடி சுருங்கியது.

"கேக் கஹான் ஹை?"

கேக் எங்கே என்று கேட்டார். ஒன்பது பிள்ளைகளும் மூன்று பெரியவர்களும் மூன்று வாரம் திட்டம் போட்டதில் ஒருவருக்கும் கேக் நினைவுக்கு வரவில்லை.

கோமதி அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் எவர்சில்வர் தட்டு. அதில் கவிழ்த்துக் கொட்டிய ரவா கேசரி, நடுவில் கரண்ட் போனால் ஏற்றுகிற தடித்த மெழுகுவர்த்தி ஒன்று. "மதராஸி கேக், பாய்," என்றாள். கான் பாய் இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதைத் தாளில் மடித்துக்கொண்டார். வித்யாவின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு, "ஜல்தி கத்தம் கரோ," சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லிப் போனார்.

கதவு சாத்திய நான்காவது நிமிடம் வாசலில் எங்கள் மூன்று ஜோடியோடு ராஜேஸ்வரியுடையதும் பாலசிங்கத்துடையதும் மட்டும்தான் மிச்சம். மூன்றாவது பாட்டு நடக்கவே இல்லை.

பெட்டிகளைத் திறந்தோம்

ஆறு பிளாஸ்க். நான்கு டீ செட். மூன்று சுவர்க் கடிகாரம். சோறு ஆறாமலிருக்க வைக்கும் ஹாட்பாக்ஸ் இரண்டு. ஒரு பொம்மை, ஒரு பென்சில் டப்பா. ஆகப் பதினேழு. கவர் இரண்டே இரண்டு, ஒவ்வொன்றிலும் ஐம்பது ரியால்.

வித்யா பாலசிங்கத்தைப் பார்த்தாள். "அங்கிள், கவர்னு சொன்னீங்களா இல்லையா?"

"முதல் ரெண்டு வீட்டிலயும் சொன்னனான் பிள்ளை. மூண்டாம் வீட்டு வாசல்ல நிக்கேக்க, இந்த வீட்டு ஆள் ஆபீஸில போய்ச் சொல்லிப்போட்டால் என்ன செய்யிறது எண்டு பயம் வந்திட்டுது. பிறகு எல்லா இடமும் பிறந்தநாள் எண்டு மட்டும் சொன்னனான். அவையளுக்கு விளங்கும் எண்டு நினைச்சன்."

"நீங்களே பிளாஸ்க்தானே கொண்டு வந்திருக்கீங்க," என்றாள் கோமதி.

"ஆக்கள் பாக்கினம், வெறுங்கையோட வர ஏலுமே?" என்று தலையைக் குனிந்துகொண்டவர், சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரியாலை எடுத்து வைத்தார். மொத்தம் நூற்றைம்பது.

எங்களைக் காப்பாற்றியது அந்தப் பெட்டிகள்தான். சோபாவில் வெறும் கவர்கள் கிடந்திருந்தால் கான் பாய் கேசரியோடு திரும்பியிருக்கமாட்டார். ஆனால் ராஜேஸ்வரிக்குப் பிளாஸ்க்கில் ஏறி ஊருக்குப் போக முடியாது. காவலர் வந்து போன பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்கவும் வழியில்லை.

"பரவாயில்லீங்க ஐயா, புள்ளைங்க ஆடினதே போதும்," என்று அவள் பையை எடுத்துக்கொண்டாள். வித்யா பவுடர் கரைய அழுதாள். "படத்துல காசு சேர்ந்துடும் டாடி."

தானம் கொடுப்பது எனக்கு வராது. யான்புவுக்குப் பிறகு அறவே வராது. ஆனால் சரக்கு வாங்க வரும். பதினேழு சாமானையும் நானே எடுத்துக்கொள்கிறேன், மார்க்கெட் விலைக்கு, என்றேன்.

வித்யா மூக்கைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "பிளாஸ்க் ஒண்ணு அறுபது."

"இருபத்தஞ்சு."

"ஜப்பான் டாடி."

"அடியில பாரு. ஜப்பான்னு எங்க போட்டிருக்கு?"

பிளாஸ்க் இருபத்தைந்து, டீ செட் நாற்பது, கடிகாரம் முப்பது, ஹாட்பாக்ஸ் முப்பத்தைந்து, பொம்மை இருபது, பென்சில் டப்பா ஐந்து. கூட்டினால் நானூற்றுத் தொண்ணூற்றைந்து. அதற்கு மேல் ஒரு ரியால்கூட நியாயமில்லை.

"ஷோ பார்த்தீங்கள்ல?" என்றாள்.

"ஒண்ணரைப் பாட்டு. அதுவும் நின்னுகிட்டு."

"அப்ப டிக்கெட் எடுக்கணும்."

"எவ்வளவு?"

"ஐந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு."

கொழும்பு டிக்கெட்டுக்கு இன்னும் குறைந்த தொகை அது; நான் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கழித்து முடித்திருந்தாள். கோமதி சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குப் போனாள்.

கதவு மூடும்வரை

மறுநாள் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கடை திறந்ததும் நானே போய் டிக்கெட் வாங்கினேன். பாலசிங்கத்திடம் பணம் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, டாக்ஸி பிடித்து, வித்யாவையும் கூட்டிக்கொண்டு ராஜேஸ்வரியை தஹ்ரான் விமான நிலையத்துக்கு அழைத்துப் போனேன். வழி நெடுக டிக்கெட் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கவுண்ட்டரில்தான் அவள் கையில் கொடுத்தேன்.

மூன்று பிளாஸ்க், ஒரு டீ செட், பொம்மை, பென்சில் டப்பா எல்லாம் கோமதி அவள் பெட்டியில் திணித்திருந்தாள். எடை ஐந்து கிலோ கூடுதல். தொண்ணூறு ரியால் கட்டு என்றான் கவுண்ட்டர்க்காரன்.

"இதெல்லாம் எறக்கி வச்சிட்டுப் போறேங்க ஐயா."

"வேண்டாம். எண்ணி வாங்கின சரக்கு."

கட்டினேன். பாஸ்போர்ட் அதிகாரி முத்திரை குத்தும்வரை கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று பார்த்தேன். அந்தப்புறம் போன ராஜேஸ்வரி திரும்பி, முந்தானையை எடுத்து ஆட்டினாள். வித்யா கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.

"போலாமா டாடி?"

"பிளேன் கிளம்பட்டும். கடைசி நிமிஷத்துல இறக்கி விட்டாலும் விட்டுருவானுங்க."

"இன்னுமா நம்பலை?"

"கதவு மூடினா நம்பறேன்."

ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். குளிர்பானம் இரண்டு டின் வாங்கினேன், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. ஜுபைலுக்கு வந்த நான்கு வருஷத்தில் எனக்கென்று வாங்கிக்கொண்ட முதல் டின் அது. வித்யா என் தோளில் சாய்ந்து படத்தின் பாட்டை மூக்கால் முனகிக்கொண்டிருந்தாள். விமானத்தின் விளக்குகள் ஓடுபாதையின் முனைவரை போய், திரும்பி, வேகமெடுத்து, மேலே ஏறிக் கடல் பக்கம் சாய்ந்தன. அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.

சாமானுக்கும் ஒன்றரைப் பாட்டுக்கும் ஆயிரத்துத் தொண்ணூறு. டாக்ஸி போக வர நூற்றறுபது. கூடுதல் எடைக்குத் தொண்ணூறு. டின் இரண்டு ரியால். ஆக மொத்தம் ஆயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு ரியால்.